சோப்ரானோஸ் கடைசிக் காட்சி: டோனிக்கு என்னதான் ஆனது?

கடைசிபெஞ்ச்

நேற்று நள்ளிரவு தாண்டி, டோனி என்ற நியூ ஜெர்சி மாஃபியா தலைவனின் கதையான 'தி சோப்ரானோஸ்' அமெரிக்கத் தொடரைப் பார்த்து முடித்தேன். முழுக் கதையையும் பேசப் போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

86 எபிசோட். நான்கு மாதமாக ராத்திரி ஒன்று, சில நாள் இரண்டு என்று பார்த்து வந்தேன். கடைசி எபிசோடில் அந்த ஹோல்ஸ்டன்ஸ் உணவகம் வருகிறது. டோனி வந்து உட்காருகிறான், மேசையில் இருக்கும் ஜூக்பாக்ஸைப் புரட்டிப் பாட்டுப் போடுகிறான், மனைவி கார்மேலா வருகிறாள், மகன் ஏஜே வருகிறான், வெளியே மகள் மெடோ காரை நிறுத்த முடியாமல் முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். 'மெம்பர்ஸ் ஒன்லி' ஜாக்கெட் போட்ட ஒருத்தன் கவுன்டரில் உட்கார்ந்து இவர்கள் பக்கம் பார்க்கிறான், எழுந்து டாய்லெட்டுக்குள் போகிறான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மெடோ சாலையைக் கடந்து ஓடி வருகிறாள், கதவு மணி அடிக்கிறது, டோனி நிமிர்ந்து பார்க்கிறான், அவ்வளவுதான். திரை கருப்பாகிவிட்டது. பாட்டு பாதி வரியில் நின்றுவிட்டது.

லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வயரைத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் பெயர்கள் ஓட ஆரம்பித்தன, பின்னணியில் இசைகூட இல்லாமல்.

எனக்கு வந்தது கோபம். டோனி நல்லவன் இல்லை, தெரியும். மகன் மாதிரி வளர்த்த கிறிஸ்டஃபரின் மூக்கைப் பொத்தி அவன் மூச்சை நிறுத்திய இடத்தில் இனி இவனைப் பார்க்கவே கூடாது என்று நினைத்தேன், மறுநாளே அடுத்த எபிசோடைப் போட்டேன். இத்தனை நாள் கூடவே இருந்தவனுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா? செத்தான் என்றால் செத்தான் என்று காட்டுங்கள், அழுதுவிட்டுப் போகிறேன். பிழைத்தான் என்றால் அதையாவது சொல்லுங்கள். நீங்கள் எல்லாம் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள்? உங்களைப் பொறுத்தவரை அவன் செத்தானா, இல்லையா?

பழையகேபிள்

நீங்கள் வயரைத் தொட்டுப் பார்த்தீர்கள், நாங்கள் டிவியின் தலையைத் தட்டினோம். நான் அதை ஒளிபரப்பான அன்றே பார்த்தவன். 2007 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை இரவு. அப்போது நான் அமெரிக்காவில் இருந்தேன், அறையில் நாங்கள் நாலு பேர், திரை கருப்பானதும் ஒருத்தன் ஓடிப்போய் கேபிள் பெட்டியின் பின்னால் வயரை அழுத்தினான், இன்னொருத்தன் கேபிள் கம்பெனிக்கு போன் போட்டுவிட்டான். மறுநாள் செய்திகளைப் பார்த்தால் ஊர் முழுக்க இதே கதைதான். தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனலின் வலைத்தளம் அன்றிரவு நெரிசல் தாங்காமல் படுத்துவிட்டது. ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் பேர் ஒரே நேரத்தில் பார்த்த எபிசோட் அது, அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் கருப்பு.

உங்களுக்கு இல்லாத ஒரு வேதனை எங்களுக்கு இருந்தது. நீங்கள் பின்னால் தள்ளி மறுபடியும் பார்க்கலாம். எங்களில் பாதிப் பேருக்கு அந்த வசதி இல்லை. எட்டு வருஷமாகப் பார்த்த தொடர், அந்தப் பத்து நொடிக் கருப்பில் என்ன பார்த்தோம், என்ன பார்க்கவில்லை என்று ஞாபகத்தை வைத்துத்தான் விடிய விடியச் சண்டை போட்டோம். அந்த ஜாக்கெட்காரன் டாய்லெட்டுக்குப் போனானா வெளியே போனானா என்பதிலேயே எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

அன்று எனக்கும் உங்கள் கோபம்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் கத்தினேன். இன்று அப்படி நினைக்கவில்லை, ஆனால் அது மாற எனக்குப் பல வருஷம் ஆனது, அதனால் உங்களை இன்றைக்கே மாறச் சொல்ல மாட்டேன். 2013 ஜூனில், டோனியாக நடித்த ஜேம்ஸ் கண்டோல்ஃபினி ரோம் நகரத்தில் மாரடைப்பில் இறந்தார், 51 வயதுதான். நியூ ஜெர்சி ப்ளூம்ஃபீல்டில் இருக்கும் அந்த நிஜ ஹோல்ஸ்டன்ஸில் அவர் உட்கார்ந்த மேசையில் 'ரிசர்வ்டு' என்று பலகை வைத்து யாரையும் உட்கார விடாமல் வைத்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் நான் முதல்முறையாக டோனிக்காக அழுதேன். மனிதருக்கா பாத்திரத்துக்கா என்று பிரிக்கத் தெரியவில்லை.

எடிட்டேபிள்

செத்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, காட்சிக்குள்ளேயே சொல்லப்பட்டிருக்கிறது.

மறுபடி போட்டுப் பார்க்கும்போது கதவு மணியை மட்டும் கவனியுங்கள். மணி அடிக்கும், டோனியின் முகம் வரும், அவன் நிமிர்வான், அடுத்த ஷாட்டில் அவன் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரியும். மணி, முகம், அவன் பார்வை. ஒரு பெண் நுழையும்போது இப்படி, கார்மேலா வரும்போது இப்படி. நம்மை அறியாமலே இந்தத் தாளத்துக்கு நம்மைப் பழக்குகிறார்கள். கடைசியில் மணி அடிக்கிறது, முகம் வருகிறது, அடுத்து வரவேண்டியது அவன் பார்வை. அந்த இடத்தில் இருப்பது கருப்பு. அப்படியென்றால் அது எடிட்டர் வெட்டிய இடம் இல்லை, டோனி பார்த்தது அதுதான். சத்தமும் இல்லை, ஏனென்றால் அவன் காதுக்கும் எதுவும் கேட்கவில்லை.

இதற்கு விதை ஆறாவது சீசனின் பின்பாதியில் இரண்டு இடத்தில் போடப்பட்டிருக்கிறது. ஏரிக்கரை வீட்டுக்குப் போகிறார்களே, படகில் டோனியின் அக்கா கணவன் பாபியும் டோனியும் உட்கார்ந்து பேசுகிறார்கள், சாவு வரும்போது நமக்குக் கேட்கக்கூட கேட்காது இல்லையா என்பது போல பாபி சொல்வான். கடைசிக்கு முந்தின எபிசோடில் டோனி ஒளிந்திருக்கும் வீட்டில், பாபி கொடுத்த துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கும்போது அந்தப் படகுக் காட்சியை மறுபடி எடுத்துக் காட்டுகிறார்கள். மறந்துவிடாதே என்று கையைப் பிடித்துச் சொல்கிற மாதிரி. இன்னொன்று, டோனியின் வலதுகையான சில்வியோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்திருந்த ஜெரி என்பவன் சுடப்படும் காட்சி. அங்கே முதலில் சத்தம் வராது. சில்வியோவின் மேல் ரத்தம் தெறிக்கிறது, காது அடைத்த மாதிரி எல்லாம் மங்குகிறது, என்ன நடந்தது என்று அவனுக்கும் நமக்கும் ஒரு கணம் கழித்துத்தான் புரிகிறது. பக்கத்தில் இருந்தவனுக்கே அப்படி. குண்டு வாங்கியவனுக்கு?

உருவாக்கிய டேவிட் சேஸே அந்த எபிசோடை எழுதி இயக்கினார். வெகுநாள் விளக்கம் சொல்ல மறுத்துவந்தார். பிறகு கொடுத்த பேட்டிகளில், முதலில் அவர் மனதில் இருந்த முடிவு வேறு என்று சொன்னார்: டோனி லிங்கன் சுரங்கப்பாதை வழியாக நியூயார்க்குக்கு ஒரு பேச்சுவார்த்தைக்குப் போகிறான், அங்கே கொல்லப்படுகிறான். ஒவ்வொரு எபிசோடின் டைட்டிலிலும் அவன் அதே சுரங்கத்திலிருந்து வெளியே வந்து நியூ ஜெர்சி வீட்டுக்குத்தானே வண்டி ஓட்டுவான், அதை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி. அதை விட்டுவிட்டு வெங்காய வளையம் சாப்பிடும் ஒரு குடும்பத்துக்கு வந்தது எவ்வளவு பெரிய முடிவு என்று யோசியுங்கள்.

மழைக்கால_வாசகி

எடிட்டேபிள் சொல்வது எல்லாம் சரி, அந்த மணி விஷயத்தை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆதங்கம். டோனி செத்தானா என்று எல்லோரும் கேட்கிறீர்கள், அந்த மேசையில் இருக்கிற மற்றவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது சீசனில் கார்மேலா ஒரு வயதான மனநல மருத்துவரிடம் போவாள், ஞாபகம் இருக்கிறதா? அவர் சுற்றி வளைக்காமல் சொல்வார்: கணவனை விட்டு விலகு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. ரத்தப் பணம் என்று சொல்லி அவளிடம் கட்டணமே வாங்க மாட்டார். யாரும் உனக்குச் சொல்லவில்லை என்று மட்டும் இனி நீ சொல்ல முடியாது என்பார். கார்மேலாவாக நடித்த எடி ஃபால்கோவின் முகத்தை அந்த இடத்தில் பாருங்கள், கைக்குட்டையோடு சோபாவின் ஓரத்தில் சின்னப்பெண் மாதிரி உட்கார்ந்திருப்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அதற்குப் பின் ஒருமுறை அவனைத் துரத்தியும் விட்டாள், மறுபடி சேர்த்துக்கொண்டாள், வீடு கட்ட நிலத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு.

மெடோவைப் பாருங்கள். டாக்டராக வேண்டியவள் வக்கீலாகப் போகிறாள். எஃப்பிஐ உங்களை இழுத்துக்கொண்டு போவதை நான் பார்த்திருக்காவிட்டால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன் என்று கடைசி எபிசோடில் அப்பாவிடமே சொல்கிறாள். அந்தச் சமயம் டோனியின் முகத்தில் வருவது பெருமையா வலியா, என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. ஏஜே ராணுவத்தில் சேரப் போகிறேன் என்றான், அவனுக்கு ஒரு சினிமா வேலையும் புதுக் காரும் கொடுத்து வாயை அடைத்துவிட்டார்கள்.

அதே எபிசோடில் டோனியின் எதிரி, நியூயார்க் கும்பல் தலைவன் ஃபில் லியோடார்டோ பெட்ரோல் பங்க்கில் எப்போது சாகிறான்? வண்டியில் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்கு டாட்டா காட்டிய அடுத்த கணம். டோனி ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. எடிட்டேபிள் சொல்கிற மாதிரிதான் நடந்தது என்றால், டோனிக்குக் கருப்பு, வலிகூட இல்லை. கார்மேலாவுக்கும் ஏஜேவுக்கும் அப்படி இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மெடோவுக்கும் இல்லை. நமக்குக் காட்டாமல் மறைத்ததை அவர்கள் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிறிஸ்டஃபரைக் கட்டிக்கொள்ள இருந்த ஆட்ரியானாவைக் கொல்லும்போது, அவள் இலைச் சருகில் தவழ்ந்துபோன காட்சியிலும் கேமரா அவளை விட்டுவிட்டு மேலே மரங்களைப் பார்த்தது. காட்டாமல் விட்ட அந்த இடம்தான் எனக்கு இந்தத் தொடரிலேயே ஆறாத காயம்.

நியாயக்காரன்

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 2007-இலும் இல்லை, இப்போதும் இல்லை. மணி, பார்வை எல்லாம் அழகான கணக்கு. ஆனால் கதை சொல்பவன் கடைசி வாசலில் நம்மை நிறுத்திவிட்டு விளக்கை அணைக்கக் கூடாது. பைன் பேரன்ஸ் காட்டில் தொலைந்துபோன ரஷ்யனுக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டார்கள், அதை ரசித்தேன், அவன் கொஞ்ச நேரம் வந்துபோனவன். டோனி அப்படி இல்லையே. ஜூனியர் மாமாவுக்கு எவ்வளவு நல்ல முடிவு கொடுத்தார்கள்! நீங்களும் அப்பாவும் சேர்ந்து வட ஜெர்சியையே ஆண்டீர்கள் என்று டோனி சொல்கிறான், அப்படியா, நல்லது என்கிறார் அந்த மறதி பிடித்த கிழவர். டோனி கண் கலங்கி எழுந்து போகிறான். அந்த மாதிரி ஒரு காட்சி எழுதத் தெரிந்தவர்கள் டோனிக்கும் எழுதியிருக்க முடியும். எழுதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கடைசிபெஞ்ச்

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் நான்கு முறை பார்த்தேன். மணியை எண்ணினேன். எடிட்டேபிள் சொன்னது சரிதான், ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது வேறு ஒன்று. ஏஜே வேலையைப் பற்றிப் புலம்பிவிட்டு, நல்ல நேரங்களை நினைத்துப் பார் என்று நீங்கள்தானே ஒருமுறை சொன்னீர்கள் என்கிறான். நானா சொன்னேன் என்கிறான் டோனி. அவனுக்கு ஞாபகமே இல்லை! எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, தேடிப் போனால் முதல் சீசனின் கடைசி எபிசோட். புயல் மழை, கரன்ட் இல்லை, ஆர்ட்டியின் உணவகத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இதே நாலு பேர். டோனி கோப்பையைத் தூக்கி, நாளைக்கு உங்களுக்கென்று குடும்பம் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் இந்த மாதிரிச் சின்னச் சின்ன நல்ல நேரங்கள் நினைவிருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்கிறான். ஏஜே அப்போது குண்டுக் கன்னத்தோடு சின்னப்பையன். எட்டு வருஷம் கழித்து அதை அவன் ஞாபகம் வைத்திருக்கிறான், சொன்னவன் மறந்துவிட்டான். சொன்னவுடன் வெங்காய வளையம் வருகிறது, ஒவ்வொருவரும் ஒன்றை முழுதாக வாயில் போட்டுக்கொள்கிறார்கள், அவர்களில் யாருக்கும் இதுதான் அந்த நல்ல நேரம் என்று தெரியவில்லை.

நியாயக்காரன், உங்கள் வருத்தம் எனக்கு இன்னும் பாதி இருக்கிறது. ஆனால் நான்காவது முறை பார்க்கும்போது மெடோ மூன்றாவது தடவையாக ஸ்டியரிங்கைத் திருப்புகிறாள், நான் வாய்விட்டு, இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள் என்றேன். அவள் வெளியே இருக்கும் வரைக்கும் உள்ளே எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பழையகேபிள்

கடைசிபெஞ்ச், டோனியின் மனநல மருத்துவர் மெல்ஃபி கதவைச் சாத்தும் காட்சியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கடைசிக்கு முந்தின எபிசோட். காத்திருக்கும் அறையில் இருந்த பத்திரிகையிலிருந்து டோனி ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்திருப்பான், மாட்டிறைச்சி சமையல் குறிப்பு. அவ்வளவு வருஷப் பேச்சுக்குப் பிறகு அந்தக் காகிதத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அவனுக்குப் பின்னால் வரப்போகிறவர்களும் அதைப் படிக்க வேண்டும் இல்லையா என்று கேட்கிறாள், அவனுக்கு அது புரியவே இல்லை. எனக்கு டோனியின் முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்று தோன்றும். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.