15 ஆண்டு வேலைக்குப் பிறகு வடிவமைப்பு முறைகளில் முதுகலைப் படிப்பு: பயன் உண்டா?

கையுறைக்காரி:
மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவைக் கவனித்துவருகிறேன். படித்தது வேதிப் பொறியியல். சிகாகோவிலுள்ள இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்புப் பள்ளி, பணி அனுபவம் உள்ளவர்களுக்காகவே 'மாஸ்டர் ஆஃப் டிசைன் மெதட்ஸ்' (வடிவமைப்பு முறைகளில் முதுகலை) என்ற படிப்பை நடத்திவந்ததையும், வடிவமைப்பை முன்பு படிக்காதவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டதையும் படித்தபோது, நமக்கும் இப்படி ஒன்று தேவைதானோ என்று தோன்றியது. கையுறை கிழிகிறது என்று புகார் வந்தால் எங்கள் ஆலையில் ரப்பர் பாலின் கலவையைத் திருத்துவோம், அடுப்பின் சூட்டைச் சோதிப்போம், கை வடிவ அச்சு பாலில் முங்கி எழும் வேகத்தைக் குறைப்போம். ஆனால் வியர்வை காயாத கையோடு ஒரு செவிலியர் அதன் விளிம்பை எந்த இடத்தில் பிடித்து இழுக்கிறார் என்பதைப் பார்க்க யாரும் போவதில்லை. இந்த வகைப் பார்வையைப் படித்துப் பெற முடியுமா? அதற்காக வேலையை விடலாமா?

வடசேரிப் பட்டறை:
வேண்டாம் என்பதே என் கருத்து, தங்கச்சி. வேலை செய்யும் முறை வேலைக்குள்ளேயே இருக்கிறது; அதைத் தனியே உருவியெடுத்துப் பாடமாக்கினால் சக்கைதான் மிஞ்சும். இதை நான் மட்டும் சொல்லவில்லை. கிறிஸ்டபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் 1964-இல் வெளியிட்ட நூலில், குஜராத்தின் ஒரு கிராமத்துக்கு வேண்டியவற்றை 141 தேவைகளாகப் பட்டியலிட்டு, எது எதனோடு பிணைந்திருக்கிறது என்று கணிதத்தால் பிரித்துக் காட்டினார். முறையியல் பேசுவோர் அந்த நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதே மனிதர் 1971-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், வடிவமைக்கும் செயலிலிருந்து பிரித்து வடிவமைப்பு முறைகளை ஆராய்வது அபத்தம் என்று எழுதி ஒதுங்கிவிட்டார். தோற்றுவித்தவர்களில் ஒருவரே கைவிட்டதைப் பணம் கட்டிப் படிக்க வேண்டுமா?

எங்கள் வடசேரியில் வெள்ளியில் உருவம் செய்து, பொன்தாள் ஏற்றி, கெம்புக்கல் பதிக்கும் நகை முதலில் சாமிக்குத்தான் சாத்தப்பட்டது. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் கேட்கத் தொடங்கியதும், ஆடும்போது தலைசாமான் வழுக்காமலும் கழுத்தை அழுத்தாமலும் இருக்க எடையையும் கட்டும் விதத்தையும் பட்டறைக்காரர்களே மாற்றிக்கொண்டார்கள். கற்சிலை அசையாது, பெண் அசைவாள் என்பதைக் கண்டுகொள்ள அவர்களுக்குப் பட்டம் தேவைப்படவில்லை.

பத்மநாபபுரம்:
அண்ணாச்சி, அலெக்சாண்டரைச் சரியாகத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் அவர் சொன்னது உங்களுக்கு எதிராகவே திரும்புகிறது. செயலிலிருந்து முறையைப் பிரிக்காதே என்பதுதானே அவருடைய ஆட்சேபம்? 21 வயதில் எதையும் செய்து பார்க்காதவருக்கு முறைகளை மட்டும் கற்பிப்பதற்கு அது பொருந்தும். 15 ஆண்டு ஆலையில் நின்று கால் வலித்தவருக்கு எப்படிப் பொருந்தும்? அவரிடம் செயல் குவிந்து கிடக்கிறது, அதைத் திரும்பிப் பார்க்க அவகாசம்தான் கிடைப்பதில்லை.

மேலும் வடசேரி உதாரணத்தில் ஒரு சௌகரியம் இருந்ததைக் கவனியுங்கள். ஆடுகிறவர் நேரே பட்டறைக்கு வந்து நகையை மாட்டிப் பார்த்து, இங்கே குத்துகிறது என்று சொல்லிவிடலாம். கையுறை ஆலைக்கும் செவிலியருக்கும் நடுவே விநியோகஸ்தர், மருத்துவமனையின் கொள்முதல் பிரிவு, ஒப்பந்தப்புள்ளி என்று எத்தனை பேர் நிற்கிறார்கள்! அந்த இடைவெளியைக் கடந்து போய்ப் பார்ப்பதற்கும், பார்த்ததை மற்றவர்கள் சரிபார்க்கும்படி எழுதிவைப்பதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஜெர்மனியின் உல்மிலும் பின்னர் அமெரிக்காவின் பெர்க்லியிலும் வடிவமைப்பு முறைகளைக் கற்பித்த ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெப்பருடன் சேர்ந்து 1973-இல் எழுதிய கட்டுரையில், சமூகத்தின் சிக்கல்களைப் பொறுத்தவரை சிக்கலை எப்படி வரையறுக்கிறோமோ அப்படியே தீர்வும் அமைந்துவிடுகிறது என்று காட்டினார். அனுபவசாலிகள் தடுக்கி விழும் இடம் அதுதான். தீர்ப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். எதைத் தீர்க்கிறோம் என்பதை அவர்களுக்கு முன்பே யாரோ முடிவு செய்துவிட்டிருப்பார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வீசியபோது, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கும் தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடலில் இருந்தன. கரைக்கு அருகில் மட்டும் எட்டும் வி.எச்.எஃப். வானொலிக் கருவியால் அவர்களுக்குப் பயனில்லை. அதன்பின் இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் மீனவர்களுக்குத் தரப்பட்டன. முதலில் வந்தவை செய்தியைப் பெற மட்டுமே உதவின. படகிலிருந்து திருப்பி அனுப்ப வழியில்லை. கடலுக்குச் செய்தி போகவில்லை என்பதுதான் சிக்கல் என்று வரையறுத்தார்கள், அதற்கேற்ற கருவி வந்தது. கடலிலிருந்து செய்தி வரவில்லை என்பது சிக்கலின் மறுபாதி.

தூத்தூர் கரை:
எங்கள் ஊர் பெயர் வந்துவிட்டதால் எழுதுகிறேன். அந்த மறுபாதியைக் கண்டுபிடிக்க முதுகலைப் படிப்பு வேண்டியதில்லை, ஐயா. அந்த நாள்களில் இங்கே எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருந்தாலும், படகு எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ரிட்டலை நாங்கள் படித்ததில்லை.

பத்மநாபபுரம்:
சொல்லியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்பது, வரைபடத்தில் கை வைப்பதற்கு முன்னால் முடிந்தாக வேண்டிய கட்டாய வேலையாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். நல்ல படிப்பு அந்தக் கட்டாயத்தைப் பழக்கமாக்குகிறது.

வடசேரிப் பட்டறை:
பழக்கமாக்குகிறது என்பதை நம்புகிறேன். எங்கே போய்ப் பழக்குகிறார்கள் என்பதுதான் என் கவலை. இத்தகைய படிப்புகளில் ஒரு பருவத்துக்கு ஏதோ ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கொடுத்து, குழுவாகப் பிரித்து, சுவரெங்கும் குறிப்பெழுதிய மஞ்சள் சீட்டுகளை ஒட்டச் செய்கிறார்கள். தங்கச்சிக்குத் தெரிந்த ரப்பர் பாலுக்கு அந்தச் சுவரில் இடம் கிடைக்குமா? வங்கிச் செயலியையோ விமான நிலைய வரிசையையோ ஆராய்ந்துவிட்டு வருவார். 15 ஆண்டு அனுபவம் மறுபடியும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அலெக்சாண்டர் கண்டித்த பிரிவினை அதுதான், வயது மட்டும் கூடியிருக்கிறது.

பத்மநாபபுரம்:
இந்த ஆட்சேபத்தை ஏற்கிறேன், இது கனமானது. ஆகவே, கையுறைக்காரி அக்கா, எந்த நிறுவனத்துக்கு எழுதினாலும் முதல் கேள்வியாக, சொந்தப் பணியிடத்தின் சிக்கலை ஆய்வுத் திட்டமாக எடுக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் நான் கூடச் சேரச் சொல்ல மாட்டேன். இந்தியாவிலேயே ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் படிப்பதானால், பெரும்பாலும் ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் 'சீட்' (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அதற்கு வயது வரம்பு இல்லை. ஆனால் இரண்டாம் பகுதியில் பென்சிலால் வரைய வேண்டும், இளையவர்களோடு போட்டியிட வேண்டும். அனுபவத்துக்கென்று தனி வாசல் அந்தத் தேர்வில் கிடையாது. முதுகலைக்கு இரண்டு ஆண்டுகளும் ஆகும். சிகாகோ படிப்பு அதைவிடக் குறுகிய காலத்ததாக இருந்தது என்றாலும், செலவை நினைத்தால் தலை சுற்றும்.

வடசேரிப் பட்டறை:
பார்த்தீர்களா! அந்தச் செலவில் ஒரு துளியை எடுத்து, நாகர்கோவிலில் ஏதாவது ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்க வாசலில் ஒரு மாதம் நின்று பார்த்தால், கையுறையைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

கையுறைக்காரி:
அண்ணாச்சி, நிற்க விட்டால்தானே? மருத்துவமனைக்குப் போக அனுமதி கேட்டேன். அது விற்பனைப் பிரிவின் வேலை, உற்பத்தியில் இருப்பவருக்கு அங்கே என்ன வேலை என்று எங்கள் நிர்வாகம் சொல்லிவிட்டது. மருத்துவமனைத் தரப்பிலும், எந்தத் தகுதியில் வருகிறீர்கள் என்று கேட்பார்கள். மாணவியாகப் போனால் ஒரு கல்வி நிறுவனத்தின் கடிதம் கையில் இருக்கும். இந்தப் படிப்பில் எனக்கு உடனடியாகத் தேவைப்படுவது அந்தக் கடிதம்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

தூத்தூர் கரை:
அப்படியானால் படிக்க வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் நிர்வாகம்.

பத்மநாபபுரம்:
சிரித்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கடிதத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். போய்ப் பார்க்கும் உரிமையையும், பார்த்ததைச் சபையில் சொல்லும் உரிமையையும் பட்டம் தருகிறது. அது நியாயமா என்பது வேறு கேள்வி.

வடசேரிப் பட்டறை:
அந்த வேறு கேள்வியைத்தான் நான் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உரிமைக்கு விலையாக ஒரு வீட்டின் சேமிப்பைக் கேட்டால், அதைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கையுறைக்காரி:
கிழிந்து திரும்பிவரும் கையுறைகளை இப்போது எடைபோட்டுக் கழிவில் சேர்க்கிறோம். நாளை முதல் கிழிந்த இடத்தைக் குறித்துப் பிரித்துவைக்கச் சொல்லப்போகிறேன். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பெரும்பாலானவை விளிம்பிலேயே கிழிந்திருந்தால், அந்தக் கணக்கோடு மருத்துவமனை அனுமதியை மறுபடியும் எழுத்தில் கேட்பேன். சொந்தச் சிக்கலை ஆய்வுக்கு எடுக்கலாமா என்று கல்வி நிறுவனங்களுக்கும் இந்த வாரமே எழுதுகிறேன். பதில் வந்ததும் இதே இழையில் பதிகிறேன்.