மறு: ‘ஆனரரி ஃபெலோ’ – ‘கௌரவ’ வேண்டாம், ‘மதிப்புறு’ போதும்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் உயர்கல்வி ஆய்வு மையத்தில் வழங்கும் ‘ஆனரரி ஃபெலோ’, ‘ஆனரரி சீனியர் ஃபெலோ’, ‘ஆனரரி பிரின்சிபல் ஃபெலோ’, ‘ஆனரரி புரொஃபசோரியல் ஃபெலோ’ ஆகிய நான்கு பதவிப் பெயர்களுக்கும் தமிழில் நிகரான சொற்கள் வேண்டும் என்று இவ்விழையைத் தொடங்கிய நண்பர் கேட்டிருந்தார். இதுவரை வந்த மறுமொழிகளில் பெரும்பாலானவை ‘கௌரவ ஆய்வாளர்’ என்பதில் வந்து நிற்கின்றன. அந்தத் தொடரின் இரண்டு சொற்களுமே இவ்விடத்துக்குப் பொருந்தாதவை என்பது என் கருத்து. ‘ஆனர்’ என்பதற்கு அகராதி தரும் பொருளைத் தேடுவதற்கு முன், இந்த நியமனம் நடைமுறையில் எத்தகையது என்று பார்த்துவிடுவது நல்லது.

இப்பதவியில் இருப்பவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஆயினும் நியமனக் கடிதம் உண்டு, காலவரம்பு உண்டு, வரம்பு முடிந்தால் புதுப்பித்தல் உண்டு; கூட்டாய்வு, முனைவர் பட்ட மாணவருக்கு வழிகாட்டல், கருத்தரங்கு என ஏதேனும் ஒருவகைப் பங்களிப்பும் எதிர்பார்க்கப்படுகிறது. பதிலுக்குக் கிடைப்பவை நூலக அணுக்கம், பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி, கட்டுரைகளில் தம் பெயருக்குக் கீழே மையத்தின் பெயரை இட்டுக்கொள்ளும் உரிமை ஆகியவை. நான்கு படிகளும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்னும் சம்பளப் படிகளுக்கு இணையாக அமைந்தவை. எனவே ‘சீனியர்’, ‘பிரின்சிபல்’ ஆகியவற்றை வெறும் அலங்காரச் சொற்களாகக் கொள்ள இயலாது.

உயர்கல்வியையே ஆராயும் மையங்களுக்கு இத்தகைய நியமனம் ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதும் சொல்லாக்கத்துக்கு உதவும். அம்மையம் முதலாண்டு மாணவர்களின் அனுபவத்தை 1994-இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை என 2014 வரை ஆராய்ந்தது. இருபது ஆண்டுகள் நீளும் இத்தகைய ஆய்வில், முதல் வினாப்பட்டியலை வகுத்தவர் பணி ஓய்வு பெற்ற பின்னும் ஒரு வினா ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது என்று சொல்வதற்கு ஆள் வேண்டியிருக்கும். முன்னாள் துணைவேந்தர்களும், அரசில் கல்விக் கொள்கை வகுத்தவர்களும் இவ்வகை மையங்களுக்குப் பயன்படக்கூடியவர்கள்தாம். அவர்களைச் சம்பளப் பட்டியலில் சேர்ப்பதற்குப் பணியிடமும் இராது, பலருக்கு அந்தச் சம்பளம் தேவையாகவும் இராது. ஆக, இங்கே ‘ஆனரரி’ என்பது பாராட்டைக் குறிப்பதைவிட, ஊழியர் அல்லாத ஒருவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள முறையான பிணைப்பையே குறிக்கிறது.

இந்தப் பொருளைத் தமிழ்நாட்டில் ‘கௌரவ’ என்ற சொல் ஒரு காலத்தில் சரியாகவே ஏந்தியிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் ‘கௌரவ மாஜிஸ்திரேட்’ என்றால் சம்பளம் பெறாமல் நீதி வழங்கும் ஊர்ப் பெரிய மனிதர் என்று எல்லாரும் அறிவர். பெரியார் ஈரோட்டில் அப்பதவியை வகித்தவர். இன்று அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நுழைந்து ‘கௌரவ விரிவுரையாளர் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். தொகுப்பூதியத்தில் முழு நேரப் பாடவேளைகளையும் சுமந்து, தேர்வுப் பணியும் பார்த்து, ஆண்டுக்குப் பதினொரு மாதமே ஊதியம் பெற்று, மே மாதத்தை எப்படி ஓட்டுவது என்று கணக்குப் போடுகிறவரைக் காட்டுவார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடும் செய்திகள் நாளிதழ்களில் வராத ஆண்டில்லை. ஊதியம் தேவைப்படாத முன்னாள் துணைவேந்தருக்கும், போதிய ஊதியம் கிடைக்காத இவருக்கும் ஒரே முன்னொட்டை இடுவது குழப்பம் மட்டுமன்று, சற்றுக் கொடுமையும்கூட. இலங்கை வழக்கிலோ சிக்கல் வேறு விதமானது. அங்கே ‘கௌரவ அமைச்சர்’, ‘கௌரவ பாராளுமன்ற உறுப்பினர்’ என்பன நம்முடைய ‘மாண்புமிகு’வுக்கு ஈடானவை, அதே முன்னொட்டைப் பேராசிரியருக்கும் இட்டால், சம்பளம் வாங்காதவர் என்ற பொருள் அங்குள்ள வாசகருக்குத் தோன்றுவது கடினம்.

‘ஊதியமிலா’ என்று நேராகச் சொல்லிவிடலாம் என்ற கருத்தும் வந்தது. அதன் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் உண்மை நிலையோடு அது எப்போதும் ஒத்துப்போகாது. துறைசார் பணியனுபவம் உள்ளவர்களைக் கற்பிக்க அமர்த்தும் ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ பதவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகள் அப்பதவியை மூன்றாக வகுக்கின்றன: தொழில் நிறுவனங்களின் நிதியில் அமைவது, கல்வி நிறுவனத்தின் சொந்த நிதியில் அமைவது, ‘ஆனரரி’ அடிப்படையில் அமைவது. இம்மூன்றாம் வகையினருக்கும் நிறுவனம் மதிப்பூதியம் தரலாம் என்றுதான் அந்நெறிமுறை சொல்கிறது. அங்கே ‘ஊதியமிலா’ என்பது பொய்யாகிவிடும். தவிரவும், ஒருவர் தம் பெயருக்குக் கீழே அச்சிட்டுக்கொள்ள வேண்டிய பெயரில் இல்லாததை முன்னிறுத்துவது அழகாகவும் இல்லை.

இந்த ‘மதிப்பூதியம்’ என்ற சொல்லே நமக்கு வழியைக் காட்டுகிறது. ‘ஆனரேரியம்’ என்பதற்கு அது அரசாணைகளிலும் நாளிதழ்களிலும் ஊன்றிவிட்டது. ‘ஆனரரி டாக்டரேட்’ பட்டத்துக்கு ‘மதிப்புறு முனைவர்’ என்பதும் அப்படியே. ஆகவே ‘மதிப்புறு’ என்னும் முன்னொட்டையே நான் பரிந்துரைக்கிறேன். பட்டத்துக்கும் பதவிக்கும் ஒரே முன்னொட்டா என்று கேட்கலாம். பின்னால் வரும் பெயர் அந்த வேறுபாட்டைக் காட்டிவிடும்: ‘முனைவர்’ வந்தால் பட்டம், ‘பேராசிரியர்’ வந்தால் பதவி. வேறுபடுத்துவதற்காக ‘மதிப்புநிலை’ என்ற வடிவத்தையும் எண்ணிப் பார்த்தேன். ‘மதிப்புநிலை முதுநிலை’ என்று வாய்விட்டுச் சொன்னதும் கைவிட்டேன். ‘மதிப்புறு’ வினைத்தொகையாதலால் பின்னால் வல்லினம் மிகாது. ‘மதிப்புறுப் பேராசிரியர்’ என்று எழுதுவது பிழை என்பதை, இச்சொற்களை விக்சனரி என்னும் இணைய அகராதியில் ஏற்றும்போது குறித்துவிடுவது நல்லது.

அடுத்து ‘ஃபெலோ’. இதுதான் உண்மையில் கடினமான பகுதி. கணித மேதை இராமானுசன் 1918-இல் ராயல் சொசைட்டியின் ஃபெலோவும் ஆனார், டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவும் ஆனார். முன்னது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் தகுதி, பின்னது கல்லூரி தரும் பதவி. உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவரையும் இந்தியாவில் ‘ஃபெலோ’ என்றே அழைக்கிறோம். ஆகையால் இச்சொல்லுக்கு எங்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடுவது வீண். ஆய்வு மையப் பதவிக்கு மட்டும் முடிவு செய்வோம். ‘நிறைஞர்’ நல்ல சொல்தான், ஆனால் ‘ஆய்வியல் நிறைஞர்’ என்று எம்.ஃபில். பட்டம் அதை எடுத்துக்கொண்டது. 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளால் அப்பட்டம் நிறுத்தப்பட்டாலும், பட்டம் பெற்றவர்கள் பல்லாயிரவர் இருக்கிறார்கள்.

‘ஆய்வாளர்’ என்பதில் எனக்குள்ள தயக்கம் பெரியது. தமிழ்நாட்டில் ஆய்வாளர் என்றதும் காவல் நிலையம்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘சீனியர் ஃபெலோ’வை ‘முதுநிலை ஆய்வாளர்’ என்றால், வட்டாட்சியர் அலுவலகத்து முதுநிலை வருவாய் ஆய்வாளரோடு அவர் கைகுலுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ‘பிரின்சிபல் ஃபெலோ’வை ‘முதன்மை ஆய்வாளர்’ என்றாலோ, நிதி பெறும் ஆய்வுத் திட்டத்துக்குப் பொறுப்பேற்பவரைக் குறிக்கும் சொல்லோடு மோதுகிறது. எனவே ‘ஆய்வறிஞர்’ என்பதை முன்வைக்கிறேன். அறிஞர் என்பது பிறர் தரவேண்டிய சிறப்பல்லவா, தாமே இட்டுக்கொள்ளலாமா என்ற மறுப்பு வரும். நியமனக் கடிதம் தருவது பிறர்தானே.

இதன்படி நான்கு படிகளும் மதிப்புறு ஆய்வறிஞர், மதிப்புறு முதுநிலை ஆய்வறிஞர், மதிப்புறு முதன்மை ஆய்வறிஞர், மதிப்புறு பேராசிரியநிலை ஆய்வறிஞர் என்று அமையும். கடைசிச் சொல் நீளம்தான். ஆனால் அதை ‘மதிப்புறு பேராசிரியர்’ என்று சுருக்கினால் ‘ஆனரரி புரொஃபசர்’ என்று தனியே ஒரு பதவி வைத்திருக்கும் பிற பல்கலைக்கழகங்களுக்குச் சொல் இல்லாமல் போகும்.

‘எமரிட்டஸ்’ என்பதை இவற்றோடு கலக்க வேண்டாம். அது ஓய்வு பெற்றவருக்கு ஆயுள் முழுவதும் நிற்பது. மதிப்புறு பதவியோ காலவரம்பு உடையது. ‘வாழ்நாள் பேராசிரியர்’ என்னும் யாழ்ப்பாண வழக்கு அந்த வேறுபாட்டைத் துல்லியமாகச் சொல்வதால், எமரிட்டஸுக்கு வழங்கும் ‘தகைசால்’, ‘தகைசார்’ ஆகியவற்றைவிட அதையே விரும்புகிறேன். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘தகைசால் தமிழர்’ என்று விருதே இருக்கிறது. ‘அட்ஜங்க்ட்’ என்பதையும் கலக்க வேண்டாம்: அவர் வேறொரு நிறுவனத்தில் முதன்மைப் பணி உடையவர், பெரும்பாலும் ஊதியம் பெறுபவர். சவுதி அரேபியப் பல்கலைக்கழகங்கள் அதிகம் மேற்கோள் காட்டப்படும் வெளிநாட்டு அறிஞர்களுக்குப் பணம் தந்து, கட்டுரைகளில் தம் பெயரை இரண்டாம் முகவரியாக இடச் செய்ததை 2011-இல் ‘சயன்ஸ்’ இதழ் வெளியிட்டபோது பேசப்பட்டது இவ்வகைப் பிணைப்பைப் பற்றித்தான். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

‘முதன்மை’க்கு மாற்றாக ‘தலைமை’ என்று யாரேனும் கருதினால் காரணத்தோடு எழுதுங்கள். தலைமை என்றால் கீழே ஆட்கள் இருக்க வேண்டும், இவருக்கு அப்படி எவரும் இல்லை என்பது என் எண்ணம். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் நியமனக் கடிதங்களில் ‘ஆனரரி’க்கு வழங்கும் தமிழ்ச் சொல்லை அங்குள்ள உறுப்பினர்கள் தெரிவித்தால், விக்சனரிப் பதிவில் அதையும் வட்டார வழக்காகச் சேர்த்துவிடலாம்.