மின்னலா, கரப்பானா, பூட்டா? சுங்கை சிப்புட் வட்டாரத்து பிஎஸ்4 பழுதுகள்: அனுபவப் பகிர்வு

பட்டறைக்காரன்:

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பழுதுக்கு வரும் கேம் மெஷின்களில் இன்னும் பிஎஸ்4தான் (பிளேஸ்டேஷன் 4) அதிகம். ‘போர்டு போச்சு, புதுசு வாங்கு’ என்று எங்கோ சொல்லி அனுப்பிய மெஷினைத் திறந்தால், பல சமயம் போர்டு நன்றாகவே இருக்கிறது. எந்த அறிகுறிக்கு எது காரணம் என்று அவரவர் கண்டதை எழுதுங்கள். மின்னலிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தி மழைக்கு மறுநாள் வரும் மெஷின் இப்படி இருக்கும்: பட்டனைத் தொட்டால் ஒரு ‘பீப்’, நீல விளக்கு வெள்ளையாகிறது, காற்றாடி சுற்றுகிறது, டிவியில் மட்டும் ‘நோ சிக்னல்’. வெள்ளை வந்துவிட்டால் பிரதான சிப் உயிரோடு இருக்கிறது என்று தைரியமாக இருக்கலாம். நீலத்திலேயே துடித்துக்கொண்டு நின்றால் அது வேறு, பெரிய வேலை.

முதலில் வேறு கேபிள், வேறு டிவி போட்டுப் பாருங்கள். அடுத்து, மெஷினை முழுக்க அணைத்துவிட்டு பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். சுமார் 7 நொடியில் இரண்டாவது ‘பீப்’ கேட்டால் சேஃப் மோடு, அதாவது பழுது பார்ப்பதற்கான எளிய திரை, வந்துவிட்டது. அதிலும் படம் இல்லையா, டார்ச் அடித்து, டிவி கேபிள் செருகும் எச்டிஎம்ஐ வாயைப் பாருங்கள். உள்ளே 19 பின். ஒன்று வளைந்து பக்கத்துப் பின்னைத் தொட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் சாக்கெட்டை மாற்றினால் சரியாகிவிடும். பின் எல்லாம் நேராக இருந்தும் படம் வரவில்லை என்றால் சந்தேகம் எச்டிஎம்ஐ ஐசி மேல், அதாவது டிவிக்குப் படத்தை அனுப்பும் சிறு சிப் மேல். மைக்ராஸ்கோப்பும் ஹாட் ஏரும் (சூடான காற்றால் ஈயத்தை உருக்கும் கருவி) இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சூடு தவறினால் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். பிறகு ஒவ்வொரு தடத்துக்கும் மயிரிழைக் கம்பி போட வேண்டியிருக்கும்.

மின்னல் வரும் வழியைப் பலர் கவனிப்பதில்லை. கூரை டிஷ் கேபிளில் இறங்கி டிகோடர், அங்கிருந்து டிவி, டிவியிலிருந்து மெஷின். திடீர் மின்னேற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் எக்ஸ்டென்ஷன் காப்பது கரண்டு வரும் வழியை மட்டும். சுவர் சுவிட்சை அணைப்பதும் போதாது. பெரும்பாலும் அது லைவ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும். வானம் கருத்ததுமே பிளக், எச்டிஎம்ஐ, லேன் கேபிள் (ரூட்டரிலிருந்து வரும் இணைய வயர்) மூன்றையும் கழற்றுங்கள். ஃபைபர் வீட்டுக்கும் இதே கதைதான்: கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது, ஆனால் ரூட்டருக்கு அடாப்டர் இருக்கிறது, லேன் கேபிளுக்குள் செம்பு இருக்கிறது. இடி தலைக்கு மேல் வந்த பிறகு எதையும் தொட வேண்டாம்.

செம்பனை ஓரம்:

அண்ணே, தோட்டத்து ஓர வீடுகளுக்குக் கரப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெஷினை முழுக்க அணைக்காமல் ரெஸ்ட் மோடில் (அரைத் தூக்க நிலை) விட்டால் பவர் சப்ளை இளஞ்சூட்டிலேயே இருக்கும். இருட்டும் சூடும் கிடைத்தால் அது குடும்பத்தோடு குடியேறிவிடும். எச்சம் ஈரக்காற்றில் ஊறி மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். ‘பீப்’ அடித்து ஒரே நொடியில் அணைந்துபோகும் மெஷின்களில் இதைப் பார்க்கலாம்.

பழைய தடிமனான மாடலின் பின்பக்கம் 4 திருகு, நடுவில் துளையுள்ள டி8 நட்சத்திர முனை வேண்டும். பவர் சப்ளையைக் கழற்றுவதற்கு முன் வயரை எடுத்துவிட்டு நன்றாக ஆறவிடுங்கள். 230 வோல்ட் உள்ளே போனால் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், வயரை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரியாதவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம். சுத்தம் செய்ய 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால், மெல்லிய பல் துலக்கி. பூச்சி மருந்தை ஓட்டை வழியாக அடிப்பவர்கள் நிறைய. எண்ணெய்ப் பிசுக்கு போர்டில் படியும், தீப்பிடிக்கவும் கூடும். மருந்து வேண்டுமென்றால், அலமாரிக்குப் பின்னால் வைக்கும் கூழ் வகையாக இருக்கட்டும்.

காற்றடித்துத் தூசி எடுக்கும்போது விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பிரசர் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள்.

கால்பந்துத் தம்பி:

ஒரு கேள்வி அண்ணே. செகண்ட் ஹேண்ட் மெஷின்ல கேம் படத்து மேல திடீர்னு பூட்டு விழுது. ஃபுட்பால் கேம் கம்பெனியை வித்துட்டாங்க, அதனாலதான் பூட்டுறாங்கன்னு பசங்க சொல்றாங்க. உண்மையா?

பட்டறைக்காரன்:

பூட்டுக்குக் காரணம் அது இல்லை தம்பி. ஆனால் விற்பனைச் செய்தி உண்மைதான். 2025 செப்டம்பர் 29 அன்று, சவுதியின் பொது முதலீட்டு நிதி, சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்ற மூன்று முதலீட்டாளர்களும் நீ சொல்லும் கம்பெனியான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தார்கள். பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூட்டு என்றால் அந்த கேமின் உரிமத்தை மெஷினால் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள்.

டவுன்லோட் கேம்கள் அதை வாங்கியவரின் கணக்கோடு ஒட்டியவை. ஒரு கணக்குக்கு ஒரே ஒரு பிஎஸ்4தான் ‘பிரைமரி’, அதாவது முதன்மை மெஷின். பழைய உரிமையாளர் புது மெஷினை பிரைமரி ஆக்கினால் உன் மெஷினில் பூட்டு விழும். உன் சொந்தக் கணக்கில் வாங்கிய கேம் என்றால் செட்டிங்ஸ், அக்கவுண்ட் மேனேஜ்மெண்ட், ‘ரிஸ்டோர் லைசென்சஸ்’. பிறகு ‘ஆக்டிவேட் அஸ் யுவர் பிரைமரி’. பிளேஸ்டேஷன் பிளஸ் மாதச் சந்தாவில் வந்த கேம் என்றால் சந்தா முடிந்ததும் பூட்டும். பழைய உரிமையாளரின் கணக்கில் வாங்கியது என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

ஈப்போ ரோடு:

விற்பனைச் செய்தியைப் பார்த்து அவசரமாக மெஷினை விற்றுவிடாதீர்கள். போட்டி மெஷினான எக்ஸ்பாக்ஸை விற்கும் மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியில் ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, அந்த கம்பெனியின் கால் ஆஃப் டூட்டி கேம் இனி பிளேஸ்டேஷனில் வராது என்றே பலரும் பேசினார்கள். 2023 ஜூலையில் பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனியோடு 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள், அக்டோபர் 13 அன்று வாங்கி முடித்தார்கள். கேம் தொடர்ந்து வருகிறது.

பயப்பட வேண்டியது சர்வர் மூடலுக்கு. யூபிசாஃப்ட் கம்பெனியின் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வர் 2024 மார்ச் 31 அன்று நின்றது. கம்பெனி கைமாறவில்லை, ஆனால் அந்த கேம் எப்போதும் இணையம் கேட்கும் வகை. டிஸ்க் கையில் இருந்தும் ஆட முடியாது. எதையும் வாங்கும் முன் அட்டைப்பெட்டியில் ‘இணையம் கட்டாயம்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்குப் பெரிய காசு கொடுக்காதீர்கள்.

செம்பனை ஓரம்:

தம்பி, அடுத்த முறை பழைய மெஷின் வாங்கினால் விற்பவரை உட்காரவைத்தே செய்: அவர் தன் கணக்கில் பிரைமரியை ‘டிஆக்டிவேட்’ செய்யட்டும், பிறகு செட்டிங்ஸில் ‘இனிஷியலைஸ் பிஎஸ்4’ கொடுத்து எல்லாவற்றையும் அழிக்கட்டும். அதன் பின் உன் கணக்கில் நுழைந்து பார். தடை செய்யப்பட்ட மெஷின் என்றால் உள்ளே விடாது. ஒரு டிஸ்க் போட்டு அரை மணி நேரம் ஓட்டு. விசிறி இரைந்து, ‘சூடு அதிகம்’ என்று எச்சரிக்கை வந்தால் பேஸ்ட் காய்ந்திருக்கும், அந்த வேலைக்கான காசை விலையில் குறைத்துக் கேள். பின்பக்க ஓட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தும் பார். கரப்பான் வாடை அடித்தால் வாங்காதே.