அரசுத் தரப்பில் நின்ற வழக்கறிஞரோடு எங்கள் அனுபவங்கள்

அவரிடம் ஜூனியராக இருந்தவர்:

சட்டப் படிப்பை முடித்த கையோடு நான் சேர்ந்தது, அரசுக்காக வாதாடும் ஒரு வழக்கறிஞரிடம். நுகர்வோர் வழக்கும் சுற்றுச்சூழல் வழக்கும்தான் அவருடைய மூச்சு. முதல் வாரமே ஒரு கேஸ் கட்டை என் முன் வைத்து, "தம்பி, இதில் எங்கே ஓட்டை இருக்கிறது, பார்த்துச் சொல்" என்றார். ஆற்றில் கழிவுநீரைக் கலந்ததாக ஓர் ஆலைமீது அரசு தொடுத்த வழக்கு. இரண்டு நாள் புரட்டினேன். நீர் மாதிரி எடுத்தது காலையில். ஆய்வகம் பெற்றுக்கொண்டது மறுநாள் மாலை. இடைப்பட்ட இரவில் புட்டிகள் யார் பொறுப்பில் இருந்தன என்பதற்கு ஒரு கையெழுத்துகூட இல்லை.

சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "ஆறு நாறுவது ஊருக்கே தெரியும். நீதிபதி முன்னால் அதைக் காகிதம்தானே சொல்ல வேண்டும்?" என்றார். மறுபடியும் மாதிரி எடுக்க ஏற்பாடு செய்து, அதிகாரிகளோடு தானும் கரைக்குப் போனார். முத்திரை வைத்து, நேரம் குறித்து, கையெழுத்து வாங்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.

நுகர்வோர் வழக்குகளில் வேறு மாதிரி சங்கடம். பாக்கெட்டுக்குச் சில கிராம் குறைத்து விற்றால், ஏமாந்தவர் அதற்காக நீதிமன்றப் படி ஏறுவாரா? லட்சக்கணக்கானவர்களிடம் அப்படிச் சுரண்டிய பணத்தை அரசு கேட்டால்தான் உண்டு. அமெரிக்கப் புகையிலை வழக்குகளை அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். புகைத்தவர்கள் தனித்தனியாகப் போட்ட வழக்குகள் பல பத்தாண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்தன. தெரிந்தேதானே புகைத்தாய் என்பது நிறுவனங்களின் பதில். 1994இல் மிசிசிப்பி மாநிலம், நோயாளிகளுக்காகத் தன் கருவூலம் செலவழித்த மருத்துவப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. அரசு புகைக்கவில்லையே! மற்ற மாநிலங்கள் பலவும் அதே வழியில் வந்தன. 1998 நவம்பரில் 46 மாநிலங்களோடு நிறுவனங்கள் உடன்பாடு செய்துகொண்டன. முதல் 25 ஆண்டுகளுக்கு மட்டும் சுமார் 20,600 கோடி டாலர். யார் பெயரில் வழக்கைத் தொடுக்கிறோம் என்பதிலேயே பாதி வழக்கு இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

அந்த ஆற்று வழக்கில் சாட்சி சொன்ன ஆய்வக ஊழியர்:

கூண்டில் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து அரை நாள் உட்கார்ந்திருந்தார். உலோகம் சோதிக்கும் நீரில் நைட்ரிக் அமிலம் சேர்த்து, பி.எச். அளவை இரண்டுக்குக் கீழே கொண்டுவருவோம். இல்லாவிட்டால் ஈயம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, அளவு குறைத்துக் காட்டும். நான் அதை விளக்கி முடிப்பதற்குள், "அந்த அமிலத்திலேயே ஈயம் இருந்தால் என்ன செய்வீர்கள் அம்மா?" என்று கேட்டார். சற்றுக் கோபம்கூட வந்தது. தூய நீரிலும் அதே அமிலத்தைச் சேர்த்துக் கூடவே சோதிப்போம் என்று சொல்லிப் பதிவேட்டைக் காட்டினேன். அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தாளைச் செருகி வைத்தார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னைக் கேட்ட மூன்றாவது கேள்வி அதுவேதான். எனக்குக் கை நடுங்கவில்லை. பதிவேட்டில் தாள் செருகியிருந்த பக்கத்தைத் திறந்தேன். தூய நீரில் ஈயம் "கண்டறியப்படவில்லை" என்று என் கையெழுத்திலேயே இருந்ததை வாசித்தேன்.