டிஸ்க்கில் 300 ஜிபி காலி, ஆனாலும் இடமில்லை என்கிறது (அவசரம்)

கூழ்டின்_டிடிபி · காலை 11.20
யாராவது உடனே சொல்லுங்கள். காவேரிப்பட்டணத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆடி 18 பேனர், மாலை 4 மணிக்குள் கிருஷ்ணகிரியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற இடத்துக்கு ஃபைல் போயாக வேண்டும். கன்வெர்ட் பாதியில் நின்று 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வருகிறது. டிஸ்க்கில் 300 ஜிபி காலியாகத்தான் இருக்கிறது. பழைய ஓஎஸ்ஸில் இதே வேலை ஓடியது. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரி, அப்புறம் மறுபடியும் அதே.

பரிசல்துறை · 11.26
எந்த ஓஎஸ்? எதில் கன்வெர்ட்? ரேம் எவ்வளவு? எர்ரரை முழுசாகப் போடுங்கள். 'பழைய ஓஎஸ்' என்றால் எங்களுக்கு என்ன தெரியும்?

அரூர்_மெக்கானிக் · 11.29
ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவு இடம்) தீர்ந்திருக்கும். குட்டிக் குட்டி ஃபைல் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருந்தும் இப்படித்தான் சொல்லும். எனக்கு வந்திருக்கிறது. 'டிஎஃப் -ஐ' என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள்.

தொப்பூர்_ஹேர்பின் · 11.33
எஸ்எஸ்டி சாகப் போகிறது. முதலில் பேக்கப் எடுங்கள் சார், பேனரெல்லாம் அப்புறம்.

பழைய_டெர்மினல் · 11.41
'அவசரம்' என்று தலைப்பில் போட்டால் கம்ப்யூட்டர் பயந்துவிடாது. எர்ரர், ஓஎஸ் பெயர், பதிப்பு எண், டிஎஃப் -எச் (டிஸ்க் இடக் கணக்கு காட்டும் கட்டளை) வெளியீடு: இந்த நான்கும் இல்லாமல் கேள்வி கேட்பது, டாக்டரிடம் போனில் 'வலிக்குது' என்று சொல்லிவிட்டு வைப்பது போல. பத்து வருடமாக இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கூழ்டின்_டிடிபி · 11.52
மன்னிக்கவும், கடையில் ஆள் நிற்கிறார்கள். டெபியன் 13 (லினக்ஸ்), போன வாரம் புதிதாகப் போட்டது. முன்பு 12. ரேம் 8 ஜிபி. படம் மாற்றும் இமேஜ்மேஜிக்கில் ஒரு ஸ்கிரிப்ட், மச்சான் எழுதியது. 20க்கு 10 அடி பேனரை அச்சுக்கான சிஎம்ஒய்கே (நான்கு நிற) டிஃப் ஆக மாற்றும். எர்ரர்: 'அன்ஏபிள் டு எக்ஸ்டெண்ட் கேஷ்', பிறகு ஸ்பேஸ் இல்லை. மெஷினும் ஸ்தம்பித்துவிடுகிறது, மவுஸ்கூட நகர்வதில்லை.

பரிசல்துறை · 11.55
டெபியன் 13 என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் 11.21க்கே முடிந்திருக்கும். டிஎஃப் -எச் /டெம்ப் (தற்காலிக ஃபைல் ஃபோல்டர்) அடித்து அந்த ஒரு வரியை மட்டும் போடுங்கள்.

கூழ்டின்_டிடிபி · 11.58
டெம்ப்எஃப்எஸ், அளவு 3.8 ஜி, பயன்பாடு 3.8 ஜி, 100%. இது என்ன புதுசாக?

பரிசல்துறை · 12.04
அதுதான். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13ல் /டெம்ப் டிஸ்க்கில் இல்லை, ரேமில் இருக்கிறது; டெம்ப்எஃப்எஸ் என்றால் அதுதான். அதிகபட்சம் பாதி ரேம். உங்களுக்கு 8ல் பாதி, கர்னல் எடுத்தது போக 3.8.

இப்போது உங்கள் பேனர். 20 அடி 240 அங்குலம், 100 டிபிஐ வைத்தால் 24,000 பிக்சல். உயரம் 12,000. மொத்தம் 28.8 கோடி பிக்சல். நான்கு நிறம், ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் ஒரு பிரதிக்கே சுமார் 2.3 ஜிபி. மாற்றும்போது பழையது, புதியது என இரண்டு பிரதி தேவை, 4.6 ஆகிவிடும். 3.8க்குள் எப்படி அடங்கும்?

வேடிக்கை என்னவென்றால், இமேஜ்மேஜிக் தனக்குக் கொடுத்த மெமரி வரம்பைத் தாண்டினால் 'ரேமைத் தொந்தரவு செய்ய வேண்டாம், டிஸ்க்கில் வைப்போம்' என்று நல்ல பிள்ளையாக /டெம்ப்புக்குப் போகும். அந்த டிஸ்க்கே ரேம்தான். மவுஸ் நிற்பது அதனால்தான். பாதியில் நின்றால் மேஜிக்- என்று தொடங்கும் ஃபைல்கள் அங்கேயே கிடக்கும், ரீஸ்டார்ட்டில் போய்விடும்.

அரூர்_மெக்கானிக் · 12.09
அப்படியென்றால் பூட் ஆனவுடனேயே 4 ஜிபி ரேமைப் பிடுங்கிக்கொள்கிறார்களா? 8 ஜிபி மெஷினுக்கு இது அநியாயம்.

பழைய_டெர்மினல் · 12.15
பிடுங்குவதில்லை. 50% என்பது உச்சவரம்பு. ஃபைல் வைத்தால்தான் ரேம் போகும், காலியாக இருந்தால் ஒன்றும் போகாது. ரேம் நெருக்கடி வந்தால் அதில் உள்ளதை ஸ்வாப்புக்கும் (ரேமுக்கு உதவியாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) தள்ளும். நீங்கள் குழப்பிக்கொள்வது ரேம்எஃப்எஸ்ஸோடு. அதற்குத்தான் வரம்பும் இல்லை, ஸ்வாப்பும் இல்லை. ஃபெடோரா (இன்னொரு லினக்ஸ்) /டெம்ப்பை ரேமில் வைப்பதை 2013ல் வந்த 18லேயே செய்துவிட்டது. வெளியீட்டுக் குறிப்பிலும் எழுதியிருக்கிறார்கள். அதை யார் படிக்கிறார்கள்?

இன்னொன்று. டெபியனின் பாலிசி ஃபைலில் இமேஜ்மேஜிக்குக்கு டிஸ்க் வரம்பு 1 ஜிபிதான் இருக்கும். இவருக்கு 3.8 வரை நிரம்பியிருக்கிறது. எதையோ மாற்றியிருக்கிறார், சொல்லவில்லை.

கூழ்டின்_டிடிபி · 12.21
ஆமாம், மச்சான் 20 ஜிபி ஆக்கி வைத்திருக்கிறான். புதிதாகப் போட்டபோதும் அதையே செய்தோம். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

ஓசூர்_நைட்ஷிஃப்ட் · 12.24
எளிய வழி: ரூட்டில் மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,சைஸ்=7ஜி /டெம்ப். ரீஸ்டார்ட்கூட வேண்டாம். (போனில் இருக்கிறேன், ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

பரிசல்துறை · 12.28
தம்பி, 8 ஜிபி மெஷினில் 7ஐ அதற்குக் கொடுத்தால் பிரௌசர் எங்கே உட்காரும்? வரம்பு கூடும், ரேம் கூடாதே. ஸ்வாப்பில் போய் விழும்.

இரண்டு வழி. ஒன்று, ஸ்கிரிப்டின் தலையில் மேஜிக்_டெம்ப்டைர் என்ற மாறியை ஹோம் ஃபோல்டரில் ஒரு இடத்துக்குக் காட்டுங்கள். கேஷ் ஃபைல் நிஜ டிஸ்க்குக்குப் போகும், /டெம்ப் அப்படியே இருக்கட்டும். இரண்டு, பழையபடி டிஸ்க்குக்கே திருப்ப: சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டெம்ப்.மவுண்ட், பிறகு ரீபூட். முதலாவதுதான் என் விருப்பம். சின்ன ஃபைல்களுக்கு ரேம் நல்லதுதான்.

தொப்பூர்_ஹேர்பின் · 12.33
டிஸ்க்குக்குத் திருப்பினால் எஸ்எஸ்டி தேயும். நாளைக்கு 20 ஜிபி எழுதி அழித்தால் என்ன ஆகும்? அதனால்தான் ரேமில் வைத்தார்கள்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட் · 12.40
என் 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு 80 டெராபைட் எழுதலாம் என்று போட்டிருக்கிறது. நாளுக்கு 20 ஜிபி, வருடம் 300 நாள் என்றால் 6 டெராபைட். 13 வருடம் வரும். அதற்குள் கடை வாடகையே மூன்று முறை ஏறிவிடும்.

தொப்பூர்_ஹேர்பின் · 12.44
அட்டையில் போட்டிருப்பதையெல்லாம் நம்புகிறவரிடம் என்ன பேச? எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் கரண்ட் ஒரு மணிக்கு நான்கு முறை போகிறது. அதில் எஸ்எஸ்டி தாங்காது.

ஓசூர்_நைட்ஷிஃப்ட் · 12.47
கரண்ட் போனால் ரேமில் இருப்பதுதான் முதலில் போகும். உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்க்கிறீர்கள்.

அரூர்_மெக்கானிக் · 12.50
யுபிஎஸ் பேட்டரி எந்த கம்பெனி நல்லது என்று யாராவது சொல்ல முடியுமா? 150 ஏஎச்.

பழைய_டெர்மினல் · 12.52
தனி இழை தொடங்கவும்.

கூழ்டின்_டிடிபி · பிற்பகல் 1.10
அண்ணா, என்னுடையது எஸ்எஸ்டியே இல்லை. 1 டிபி சாதா ஹார்ட் டிஸ்க்.

இன்னொரு சந்தேகம். நேற்று மாங்கூழ் டின் லேபிள் ஒன்று தண்டர்பேர்டில் வந்தது. மெயிலிலிருந்தே திறந்து, இரண்டு மணி நேரம் வேலை செய்து சேவ் கொடுத்தேன். கரண்ட் போய் வந்ததும் ஃபைலைக் காணோம். இதுவும் அதே கோளாறா?

பரிசல்துறை · 1.16
தண்டர்பேர்ட் இணைப்பை நேராகத் திறந்தால் /டெம்ப்பில் ஒரு நகல் வைத்துத் தரும். நீங்கள் சேவ் செய்ததும் அங்கேதான், அதாவது ரேமில். கரண்டோடு போனது திரும்பாது. இனி முதலில் ஹோமில் இறக்கி வைத்துவிட்டுத் திறங்கள்.

பழைய_டெர்மினல் · 1.22
இதற்கு 13ஐக் குறை சொல்ல வேண்டாம். டெபியனில் /டெம்ப் டிஸ்க்கில் இருந்த காலத்திலும் பூட் ஆகும்போது காலியாகத்தான் செய்தது. என்ன, அப்போது ரெக்கவரி சாஃப்ட்வேர் வைத்துத் தேடிப் பார்க்கவாவது ஒரு டிஸ்க் இருந்தது. புதிதாக நிறுவிய 13ல் 10 நாள் தொடாத ஃபைலையும் அதுவே பெருக்கிவிடும், /வார்/டெம்ப்பில் 30 நாள். பெயரே டெம்ப்ரரி, அங்கே பீரோ வைக்கக் கூடாது.

ஓசூர்_நைட்ஷிஃப்ட் · 1.25
ரேம் கணக்கு காட்டும் ஃப்ரீ கட்டளையில் /டெம்ப்பில் இருப்பது 'பஃப்/கேஷ்' கணக்கில் வரும், 'ஷேர்ட்' என்பதிலும் தெரியும். கேஷ்தானே, தேவைப்பட்டால் விட்டுவிடும் என்று நானும் ஒருமுறை ஏமாந்தேன்.

கூழ்டின்_டிடிபி · மாலை 5.48
ஓடிவிட்டது. 9 நிமிடம் ஆனது. ஃபைல் 3.50க்கு அனுப்பினேன். லேபிளை மறுபடி செய்து கொடுத்தேன். எல்லோருக்கும் நன்றி.

பரிசல்துறை · 5.55
நல்லது. எந்த வழி செய்தீர்கள், மாஸ்க்கா, மேஜிக்_டெம்ப்டைரா? பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

பரிசல்துறை · மறுநாள் காலை 10.02
கூழ்டின்?