வீட்டுக்கடனோடு பேங்க்கில் போட்ட இன்சூரன்ஸ், வெள்ளம் வந்தால் வீட்டுக்கு உதவுமா?

அரூர்_பையன்:
அரூர் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் புதுசாக வீடு கட்டிக் குடி வந்திருக்கிறோம், கீழ்த்தளம் மட்டும். அப்பா பெயரில் பேங்க் லோன். லோன் போடும்போதே இன்சூரன்ஸ் என்று சொல்லி ஒரு தொகையைக் கடனோடு சேர்த்துப் பிடித்தார்கள், எதற்கு என்று யாரும் விளக்கவில்லை. இப்போது பாலிசியை எடுத்துப் பார்த்தால் அப்பாவின் வயசு இருக்கிறது, நாமினி இருக்கிறது, வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டி, ரோட்டில் நின்ற வண்டிகளை எல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு மழை என்றாலே தூக்கம் வருவதில்லை. எங்கள் வீடும் ஏரிக்குக் கீழேதான். இந்த பாலிசி போதுமா, வேறு எடுக்கணுமா?

தென்பெண்ணை:
போதாது தம்பி. அது கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கியை அடைக்கிற ஆயுள் காப்பீடு. குடும்பத்துக்குத் தேவையானதுதான், விட்டுவிட வேண்டாம், ஆனால் சுவர் இடிந்தால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது.

வீட்டுக்கு என்று கேட்க வேண்டியது 'பாரத் கிருஹ ரக்ஷா'. 2021 ஏப்ரல் 1 முதல் ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு ஆணையம்) கொண்டுவந்த பொது பாலிசி, அடிப்படை நிபந்தனைகள் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, கலவரம் எல்லாம் அதில் அடங்கும். பேங்க் கைகாட்டும் கம்பெனியில்தான் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, நாலு இடத்தில் பிரீமியம் கேளுங்கள்.

காப்பீட்டுத் தொகை போடும்போது மனையின் விலையைச் சேர்க்காதீர்கள், வெள்ளம் வந்தாலும் மண் அங்கேயேதான் இருக்கும். இடிந்தால் திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு. கார்ப்பெட் ஏரியா (சுவருக்குள்ளே புழங்கும் தரைப் பரப்பு) 800 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 16 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 3.2 லட்சம், பீரோ கட்டில் ஃபிரிட்ஜ் மாதிரி வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும் (உச்சவரம்பு 10 லட்சம்). பத்து வருஷத்துக்கு மொத்தமாகவும் எடுக்கலாம், கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறிக்கொண்டே போகும்.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி, எது வராது என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள், சண்டை வருவது அங்கேதான். மின்னல் விழுந்து சுவர் பிளந்தால் பணம் உண்டு. அதே மின்னலில் கரண்ட் எகிறி டிவி கருகினால் டிவிக்குக் கிடையாது, ஆனால் அந்த டிவியிலிருந்து தீ பரவி பீரோ எரிந்தால் பீரோவுக்கு உண்டு. புது வீடு மண்ணில் அழுந்தி அமரும்போது விழுகிற வெடிப்பு, மண் கொட்டி மேடாக்கிய மனை இறங்குவது இதெல்லாம் கிடையாது. நீங்கள் ஏரிக்குக் கீழே என்கிறீர்கள், மண் நிரப்பிக் கட்டியிருந்தால் இதை நன்றாகப் படியுங்கள். நாள்பட்ட ஓதம், ஒழுகலுக்கும் வராது.

திருட்டு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெள்ளமோ தீயோ வந்த ஏழு நாளுக்குள், அதை ஒட்டி நடக்கும் திருட்டுக்குத்தான் இதில் பணம். ஊருக்குப் போனபோது பூட்டை உடைத்தார்கள் என்றால் அதற்குத் தனி கவர் வேண்டும். நகைக்கும் மதிப்புப் போட்டுத் தனியாகச் சேர்க்கணும்.

ஓசூர்_வாடகை:
நடுவில் ஒரு சந்தேகம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் எடுக்க முடியுமா?

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:
முடியும் சார். உங்கள் பொருட்களுக்கு மட்டும் எடுங்கள், கட்டடம் வீட்டுக்காரர் பொறுப்பு.

அரூர்_பையன்:
ரொம்ப நன்றி அண்ணா. நாளைக்கே விசாரிக்கிறேன். அப்படி ஏதாவது ஆகிவிட்டால் முதலில் என்ன செய்யணும்?

தென்பெண்ணை:
உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற அளவு தெரிகிற மாதிரி எல்லா அறையையும் படம் எடுத்துவிட்டு அப்புறம் சேற்றை அள்ளுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்ததைக் கடாசிவிடாதீர்கள். லோன் இருப்பதால் பாலிசியில் பேங்க் பெயரும் ஏறும், கட்டடத்துக்கான பணம் முதலில் அவர்களிடம்தான் போகும், அதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் மறுப்புதான் என்றாலோ, 30 நாளாகியும் பதில் இல்லை என்றாலோ சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் அதிகாரி) எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.