கார்ட்டன் கேட்டில் துரு உரிந்து கொட்டுகிறது, உதவி தேவை

புதுப்பட்டறை:
அவசரம். ஒரு வீட்டுக்குக் கார்ட்டன் தகட்டில் (பெயின்ட் இல்லாமல், மேலே படியும் துருவையே கவசமாக விடும் இரும்பு) இரண்டு கேட் செய்து கொடுத்தோம். ஒன்று நன்றாக இருக்கிறது. இன்னொன்றில் துரு பொருக்குப் பொருக்காக உரிந்து தரையெல்லாம் கறை. இரண்டும் ஒரே லோடில் வந்த தகடு. பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் துகள்களை அடித்துத் தகட்டைச் சுத்தம் செய்வது) சரியில்லை என்று வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். நாளை காலை பதில் சொல்ல வேண்டும்.

இரும்புக்கடை:
வீடு எங்கே? கடலுக்கு எவ்வளவு தூரம்? மாட்டி எவ்வளவு நாள் ஆயிற்று? படம் இருக்கிறதா?

வெல்டிங்_வாத்தியார்:
படமே வேண்டாம், இது மில் ஸ்கேல்தான். ஆலையில் தகட்டைச் சூடாக உருட்டும்போது படியும் கருநீலச் செதில். அது விரிசல் விட்ட இடத்தில் இரும்பு குழி குழியாக அரிக்கும். பிளாஸ்ட் செய்து செதிலை நீக்கினால் நிறம் சீராக வரும். கார்ட்டன் தகராறு எல்லாவற்றுக்கும் மருந்து இது ஒன்றுதான்.

உப்புக்காற்று:
எல்லாவற்றுக்குமா? உரிகிற கேட்டில் மழை படுகிறதா, அதை முதலில் சொல்லுங்கள்.

மூத்த_பொறியாளர்:
தம்பி, படித்துவிட்டு வேலையை எடுத்திருக்க வேண்டும். கார்ட்டன் துருப்பிடிக்காத இரும்பு அல்ல. செம்பும் குரோமியமும் சிறிதளவு கலந்திருப்பதால் துருவே இறுகிப் படிந்து கவசமாகிறது. அதற்கு இரும்பு நனைந்து நனைந்து காய வேண்டும். உப்பு ஏறினால் கவசம் இறுகாது. பெயின்ட் இல்லாமல் பாலம் கட்ட ஜப்பானில் வைத்திருக்கும் வரம்பு, ஒரு நாளைக்குச் சதுர டெசிமீட்டருக்கு 0.05 மில்லிகிராம் உப்பு. ஹொனலுலுவில் 1975இல் திறந்த அலோஹா ஸ்டேடியம் இந்த இரும்பில்தான் எழுந்தது. கடல் காற்றில் அரித்ததைச் சரிசெய்யக் கோடி கோடியாகக் கொட்டினார்கள். இதையெல்லாம் இங்கே பலமுறை எழுதியாயிற்று, யாரும் தேடிப் படிப்பதில்லை.

ரயில்_பிரியன்:
பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய ரயில் பெட்டிகளும் கார்ட்டன்தானே? அவை கடலோரத்திலும் ஓடுகின்றனவே.

இரும்புக்கடை:
அவற்றுக்குப் பெயின்ட் உண்டு. அப்படியும் கழிவறைப் பக்கத்து அடித்தளம் அரித்துப் போவது பணிமனைக்காரர்களுக்குப் பழகிய தலைவலி.

பழம்பெருமை:
டெல்லி இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாக நிற்கிறது. நம் முன்னோர் எந்தத் தகடு வாங்கினார்கள்?

மூத்த_பொறியாளர்:
அதில் பாஸ்பரஸ் அதிகம். டெல்லியில் கடலும் இல்லை. அதே தூணை மெரினாவில் நட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

பழம்பெருமை:
கொனாரக் கோயிலின் இரும்பு உத்திரங்கள் கடலோரத்தில்தானே இருக்கின்றன?

மூத்த_பொறியாளர்:
துரு இல்லாமலா இருக்கின்றன?

இரும்புக்கடை:
ஐயா, கேட்டுக்கு வருவோமா?

புதுப்பட்டறை:
சைட்டில் இருந்தேன். வீடு கோவளத்தில், மாடியில் நின்றால் அலை தெரியும். ஏழு மாதம் ஆகிறது. பெரிய கேட் வெட்டவெளியில் இருக்கிறது, பிளாஸ்ட் செய்யவில்லை, திட்டுத்திட்டாக இருந்தாலும் உரியவில்லை. உரிவது சின்ன கேட். போர்ட்டிகோவுக்கு உள்ளே இருக்கிறது. அதைத்தான் சொரசொரப்பாக இருக்கட்டும் என்று நல்ல கரடு கிரிட் (பிளாஸ்ட் துகள்) போட்டு பிளாஸ்ட் செய்தோம். கத்தி முனையால் நெம்பினால் ஏடு ஏடாக வருகிறது, அடியில் கறுப்பாக ஈரம்.

வெல்டிங்_வாத்தியார்:
அப்படியென்றால் பிளாஸ்ட் மணலில் உப்பு இருந்திருக்கும்.

உப்புக்காற்று:
இருக்கலாம், ஆனால் அது இல்லாமலே கணக்கு நேராகிறது. வெளிக்கேட்டில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது, வெயில் காயவைக்கிறது. உள்ளே காற்றோடு உப்பு வருகிறது, கழுவ ஆள் இல்லை. கரடு பிளாஸ்ட் விட்ட பள்ளங்களில் அது தங்குகிறது. உப்பு ஈரத்தை இழுப்பதால் இரும்பு முழுதாகக் காய்வதே இல்லை. பிளாஸ்டிங் நிறத்தைச் சீராக்கும், உப்பைத் தடுக்காது. மறுபடி பிளாஸ்ட் செய்து வெறுமனே விட்டால் இதே கதைதான்.

பொருக்கைச் சுரண்டுங்கள், பிளாஸ்ட் செய்யுங்கள், நல்ல தண்ணீரில் கழுவுங்கள், தகடு கறுத்தால் மறுபடி பிளாஸ்ட் செய்து கழுவுங்கள். குழிக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அந்தப் பக்கத்து போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் தொடவே வேண்டாம். பிறகு துத்தநாக எபாக்ஸி ப்ரைமர், மேலே துரு நிறத்தில் பாலியூரித்தேன் பெயின்ட். கிளியர் லேக்கர் (நிறமில்லாத பூச்சு) அடித்தால் உப்பை உள்ளே பூட்டியதாகும்.

மூத்த_பொறியாளர்:
நான் முதலில் சொன்னதும் இதுதான்.

இரும்புக்கடை:
பெரிய கேட்டின் உள்முகத்தையும் கீழ் விளிம்பையும் அவ்வப்போது தடவிப் பாருங்கள். கையில் பொடி ஒட்டினால் பரவாயில்லை, செதில் வந்தால் அதற்கும் பெயின்ட்தான்.

புதுப்பட்டறை:
சின்ன கேட்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டோம். பெயின்டுக்கு வீட்டுக்காரர் சம்மதித்தார், பாதிச் செலவு எங்களுடையது. எல்லோருக்கும் நன்றி.